யன்னல் ஏசியைக் குளிர்காலத்தில் எங்கே, எப்படி வைப்பது?

கேட்டவர் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறார். ஜூலையில் வாங்கிய 8,000 பி.ரி.யூ. யன்னல் ஏசி இன்னமும் யன்னலிலேயே இருக்கிறதாம். அப்படியே விட்டு வெளியே பிளாஸ்ரிக் உறை போட்டால் போதுமா? கழற்றினால் கராஜில் வைக்கலாமா? கராஜில் மைனஸ் 20 வரை போகுமே, உள்ளே இருக்கும் வாயு உறைந்துவிடாதா? இடத்தை மிச்சம் பிடிக்கச் சோபாவுக்குப் பின்னால் சரித்து வைக்கலாமா? நான் கட்டடப் பராமரிப்பு வேலையில் இருப்பவன், ஒவ்வொரு ஒக்டோபரிலும் யாராவது ஒருவர் இதையெல்லாம் கேட்பார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

வாயுவைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள். இப்போதைய யன்னல் ஏசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்-410ஏ அல்லது ஆர்-32. சாதாரணக் காற்றழுத்தத்தில் இவை கொதித்து ஆவியாவதே மைனஸ் 51, 52 பாகையில்தான். பழைய ஆர்-22 என்றால் மைனஸ் 41. உறைய வேண்டுமானால் மைனஸ் 100-க்கும் கீழே போகவேண்டும். ரொறன்ரோவின் மோசமான ஜனவரி இரவுக்கும் அதற்கும் வெகுதூரம். வானொலியில் 'காற்றோடு சேர்த்து மைனஸ் 35' என்கிறார்களே, அது மனிதத் தோலுக்கான கணக்கு, இரும்புப் பெட்டிக்கு அது கிடையாது. வாயுவை அமுக்கும் கொம்பிரசருக்குள் இருக்கும் எண்ணெய் குளிரில் தடிக்கும், சூடு வந்ததும் பழையபடி இளகும். சும்மா இருக்கிற ஏசிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

கெடுதல் செய்வது உள்ளே தங்கும் தண்ணீர். கோடையில் ஏசி ஓடும்போது பின்பக்கம் தண்ணீர் சளசளவென்று அடிக்கும் சத்தம் கேட்டிருப்பீர்கள். பழுது என்று பலர் பயப்படுவார்கள். பெரும்பாலான யன்னல் ஏசிகளை வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அறைக் காற்றிலிருந்து வடியும் ஈரம் அடித்தட்டில் தேங்கும். பின்பக்க விசிறியின் விளிம்பில் ஒரு வளையம் இருக்கும், அது அந்தத் தண்ணீரை அள்ளி, வாயு ஓடும் சூடான பின்பக்கக் குழாய்ச் சுருள் மேல் அடிக்கும். சுருள் சீக்கிரம் குளிரும், மின்சாரமும் கொஞ்சம் மிச்சம். நல்ல யோசனைதான். ஆனால் செப்டெம்பரில் கடைசியாக நிறுத்தும்போது அந்தத் தட்டில் தண்ணீர் நின்றுவிடுகிறது. அது உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும், தட்டில் வெடிப்பு விழலாம். விசிறியின் வளையம் ஐஸுக்குள் இறுகிவிடும். அந்த நிலையில் யாராவது தெரியாமல் சுவிச்சைப் போட்டால் விசிறி சுற்றாது, மோட்டர்தான் சூடேறிக் கருகும். உறையாவிட்டாலும் தொல்லை உண்டு. இரும்புத் தட்டு துருப்பிடிக்கும், உள்ளே இருக்கும் ஸ்ரைரோஃபோமில் பூஞ்சணம் ஏறும். அடுத்த ஜூனில் முதன்முதலாகப் போடும்போது ஈரச்சாக்கு மணம் அடிப்பது அதனால்தான்.

இது சின்ன விஷயமில்லை. 2025 ஜூனில் மிடியா நிறுவனம் தன் 'யு' வடிவ யன்னல் ஏசிகளைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 17 லட்சம். காரணம், உள்ளே தேங்கும் தண்ணீர் போதிய வேகத்தில் வடியாமல் பூஞ்சணம் பிடித்ததுதான். வேறு பெயர்களில் விற்றவையும் அதில் சேர்ந்தவை, கனடாவிலும் விற்றிருந்தார்கள். உங்களுடையது அந்த வடிவம் என்றால், பத்திரப்படுத்தும் முன் திரும்பப் பெறும் பட்டியலில் மாதிரி எண்ணைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

ஆகவே முதல் வேலை காயவைப்பது. அதைக் கழற்றுவதற்கு முன்பே, ஏசி யன்னலில் இருக்கும்போதே செய்யவேண்டும். மழையில்லாத, வெயில் உள்ள ஒரு நாளாகப் பாருங்கள். ஒக்டோபரில் வரும் தாங்ஸ்கிவிங் வார இறுதியையொட்டி அப்படி ஒரு நாள் பெரும்பாலும் கிடைக்கும். ஏசியை 'ஃபான்' நிலையில், கூடிய வேகத்தில், சில மணி நேரம் ஓடவிடுங்கள். 'கூல்' கூடாது, அது மேலும் ஈரத்தைக் கொண்டுவரும். 'ஓட்டோ', 'எனர்ஜி சேவர்' இரண்டும் வேண்டாம், அவற்றில் விசிறி தானாக நின்றுவிடும், நீங்கள் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இதனால் முன்பக்கச் சுருள் காயும். அடித்தட்டுத் தண்ணீர் முழுதாகப் போகாது, அதைக் கழற்றும்போது வடிக்கலாம். சில ஏசிகளில் அடியிலோ பின்னாலோ ஒரு ரப்பர் அடைப்பான் இருக்கும், எட்டினால் அதை இழுத்துவிடுங்கள். அடைப்பான் இல்லையென்று துளைக்கருவியால் ஓட்டை போடப் போகாதீர்கள். தட்டுக்கு மேலே சற்று உயரத்தில்தான் வாயுக் குழாய் போகிறது.

இனிக் கழற்றுவது. இதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. 5,000 பி.ரி.யூ. ஏசியே 18 கிலோ அளவில் வரும். உங்களுடையது 25 கிலோ பக்கம் இருக்கலாம். எடை நடுவிலும் இல்லை. கொம்பிரசரும் பெரிய சுருளும் வெளிப்பக்கத்தில் இருப்பதால் பாரம் முழுக்க வெளியே தொங்குகிறது. அதை விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதன் மேல் இறக்கி வைத்த, மேலும் கீழும் நகரும் யன்னல் கதவு. அந்தக் கதவை நீங்கள் உயர்த்தும் கணத்தில் ஏசி வெளியே சரியப் பார்க்கும். 2019 நவம்பரில் ஸ்காபரோவிலேயே, உயரமான ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் எட்டாம் மாடியிலிருந்து விழுந்த யன்னல் ஏசி இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் உயிரைப் பறித்தது. அதற்குப் பிறகுதான் ரொறன்ரோ சமூக வீடமைப்பு நிறுவனம் தன் கட்டடங்களில் யன்னல் ஏசிகளை அகற்றி, தரையில் நிற்கும் ஏசிகளை மாற்றிக் கொடுக்கத் தொடங்கியது. அதனால் தனியே கழற்றாதீர்கள். இரண்டு பேர் வேண்டும், கீழே ஆள் நடமாட்டம் இல்லாதபடி மூன்றாவதாக ஒருவர் நின்றால் இன்னும் நல்லது.

செய்கிற ஒழுங்கு இப்படி. பிளக்கைக் கழற்றி, வயரைச் சுருட்டி, ஏசியோடு சேர்த்து ரேப்பால் ஒட்டிவிடுங்கள், காலில் தடக்கக் கூடாது. கையுறை போடுங்கள், சுருள்களில் இருக்கும் அலுமினியத் தகடுகள் பிளேட் மாதிரி வெட்டும். இரண்டு பக்கமும் இடைவெளியை மூடியிருக்கும் மடிப்புச் சிறகுகளின் திருகாணிகளைக் கழற்றுங்கள். யன்னல் கதவைப் பூட்டி வைத்திருக்கும் சின்ன இரும்புக் கோணத்தைக் கடைசியாகத்தான் தொடவேண்டும். அதைத் தொடும் முன் ஒருவர் ஏசியின் மேற்பக்கத்தை உள்ளே இருந்து நன்றாக அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் கதவை மெல்ல உயர்த்திவிட்டு உடனே வந்து மறுபக்கத்தைப் பிடிக்கவேண்டும். முன்பக்கப் பிளாஸ்ரிக் முகப்பைப் பிடித்து இழுக்காதீர்கள், அது கையோடு வந்துவிடும். வெளியே தாங்கி பூட்டியிருந்தால் வேலை பாதி சுலபம்.

இன்னொன்று. தண்ணீர் வெளிப்பக்கம் வடிவதற்காக ஏசியைச் சற்றே பின்னால் சாய்த்துத்தான் பூட்டியிருப்பார்கள். உள்ளே இழுக்கும்போது சாய்வு மாறும், தட்டில் நின்ற அழுக்குத் தண்ணீர் முழுவதும் உங்கள் கார்ப்பெற்றில்தான் ஊற்றும். நீங்கள் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், கறையைப் பார்த்தால் வீட்டுக்காரர் சும்மா விடமாட்டார். முதலே தடித்த பொலித்தீனை விரித்து, அதன் மேல் பழைய துவாய்களைப் போட்டுவிட்டு இறக்குங்கள். பிறகு இரண்டு பேராக முற்றத்துக்கோ குளியல் தொட்டிக்கோ கொண்டுபோய்ப் பின்பக்கமாகச் சரித்து வடியவிடுங்கள். கொஞ்ச நேரம் சரிப்பதால் ஒன்றும் ஆகாது.

துப்புரவு செய்வதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஃபில்டரை இளஞ்சூட்டுத் தண்ணீரில், பாத்திரம் கழுவும் சோப் போட்டுக் கழுவி நிழலில் காயவிடுங்கள். நம் வீடுகளில் வெறும் தண்ணீர் காணாது. குசினிக்குப் பக்கத்தில் ஏசி இருந்தால் தாளித்த எண்ணெய்ப் புகையெல்லாம் அதில் பசைபோல் படிந்திருக்கும், அதன்மேல் தூசி ஒட்டியிருக்கும். முன்சுருளை மெல்லிய தூரிகையால், தகடுகள் போகும் திசையில் மேலிருந்து கீழாக மட்டும் தடவுங்கள், குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடியும். பின்சுருளில் வேறு குப்பை இருக்கும். ஜூனில் ரொறன்ரோ முழுக்கப் பறக்கிற கொட்டன்வூட் மரத்துப் பஞ்சு அங்கே போர்வைபோல் அடைந்திருக்கும், வாக்குவம் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடலாம். பிளீச் போடாதீர்கள், அலுமினியத்தை அரிக்கும். கார் கழுவும் அழுத்தக் குழாயும் வேண்டாம். வெளி இரும்புக் கூட்டைத் திறந்து உள்ளே கைவைப்பதும் தேவையில்லை, பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கப்பாசிற்றரில் அது நிற்கலாம். எல்லாம் முடிந்ததும் ஒரு நாளாவது வீட்டுக்குள் திறந்தபடி வைத்து வடிவாகக் காயவிடுங்கள்.

றிமோற்றிலிருந்து பற்றரியை எடுத்துவிடுங்கள், மாதக்கணக்கில் கிடந்தால் அது கசியும். திருகாணி, கோணம், பஞ்சுப் பட்டை, றிமோற் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஏசியிலேயே ஒட்டிவிடுங்கள்.

சோபாவுக்குப் பின்னால் சரித்து வைப்பது வேண்டாம். கொம்பிரசர் என்பது மூடி ஒட்டிய ஒரு உருக்குக் குடுவை, அதன் அடியில் எண்ணெய் நிற்கிறது. மாதக்கணக்கில் பக்கவாட்டில் கிடந்தால் எண்ணெய் குடுவையை விட்டுக் குழாய்களுக்குள் போய்விடும். மே மாதம் நிமிர்த்தி உடனே போட்டீர்களானால் கொம்பிரசர் எண்ணெயில்லாமல் உலர ஓடும், அல்லது திரவத்தை அமுக்கப் பார்த்து உடையும். தவிரவும் குடுவை நிற்பது ரப்பர்க் கால்களில். நெடுநாள் பக்கவாட்டில் தொங்கினால் மெல்லிய செம்புக் குழாய்களில் பாரம் விழும். யன்னலில் எப்படி இருந்ததோ அப்படியே நிமிர்த்தி வையுங்கள். காரில் கொண்டுபோகும்போது சரிந்துவிட்டால் பயப்பட வேண்டாம், நிமிர்த்தி 24 மணி நேரம் விட்டுவிட்டுப் போட்டால் சரி.

எங்கே வைப்பது? என்னைக் கேட்டால் வீட்டுக்குள் ஒரு அலுமாரியின் அடித்தட்டு எல்லாவற்றிலும் நல்லது. வாங்கிய பெட்டியும் ஸ்ரைரோஃபோமும் இருந்தால் அதிலேயே போடலாம், அம்புக்குறி மேலே பார்க்கட்டும். பெட்டி இல்லையென்றால் பழைய பெற்சீற் ஒன்றால் மூடுங்கள், தூசிக்கு அது போதும். பொலித்தீனால் இறுக்கிச் சுற்றி ரேப் ஒட்டாதீர்கள். உள்ளே மிஞ்சின ஈரம் வெளியேற வழியில்லாமல் துருவும் பூஞ்சணமும் வரும். மேலே அரிசி மூட்டையை அடுக்கவும் வேண்டாம், மேல்தகடு பதிந்தால் விசிறி உரசத் தொடங்கும்.

பேஸ்மென்ற் என்றால் தரையில் நேராக வைக்காமல் இரண்டு மரச்சட்டங்களின் மேல் வையுங்கள். மார்ச்சில் பனி உருகும்போது எத்தனையோ வீடுகளில் சுவரோரமாகத் தண்ணீர் கசியும். இங்கே ஒரு புது விஷயமும் இருக்கிறது. ஏசியின் பக்கத்திலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். ஆர்-32 என்றும் தீச்சுவாலைக் குறியும் போட்டிருந்தால், அந்த வாயு மெல்லத் தீப்பற்றக் கூடியது. அது கசியும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் அதன் கையேட்டிலேயே, தொடர்ந்து எரியும் நெருப்போ வேலை செய்யும் எரிவாயுச் சாதனமோ மின்சூடாக்கியோ இல்லாத அறையில் வைக்கும்படி எழுதியிருப்பார்கள். நம்மாட்கள் மிச்சச் சாமான்களையெல்லாம் கொண்டுபோய் அடைவதோ வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸும் சுடுநீர்த் தாங்கியும் இருக்கும் அறைக்குள்தான். ஆர்-32 ஏசியை அங்கே வைக்காதீர்கள். மற்ற ஏசிகளாலும் அந்த அறையில் ஃபேர்னஸுக்குப் போகும் வழியை மறைக்க வேண்டாம்.

கராஜ் சரிதான், ஆனால் அங்கே கவனிக்க வேண்டியது குளிரை அல்ல. முதலாவது உப்பு. வீதியில் கொட்டுகிற உப்பு காரின் அடியில் ஒட்டி வந்து, கராஜில் உருகித் தரையெல்லாம் ஓடும். அந்த உப்புத் தண்ணீர் தெறித்தாலோ அடியில் தேங்கினாலோ அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும், அடித்தட்டும் துருப்பிடிக்கும். காரிலிருந்து தள்ளி, முழங்கால் உயரத்தில் ஒரு பலமான மேசையில் வையுங்கள். தலைக்கு மேல் தட்டில் ஏற்றாதீர்கள், இறக்கும்போது முதுகு போய்விடும். இரண்டாவது சுண்டெலி. குளிர் தொடங்கியதும் அவை கதகதப்பான பொந்து தேடும். ஏசிக்குள் இருக்கும் ஸ்ரைரோஃபோமும் பஞ்சும் கூடு கட்டத் தோதானவை. வயரையும் கடிக்கும். எலி நடமாட்டம் உள்ள கராஜ் என்றால் கடதாசிப் பெட்டி கூடாது. பெரிய துளைகளில் இரும்புத் தும்பு அடைத்துவிடுங்கள், வசந்தத்தில் அதை எடுக்க மறந்துவிடாமல் முன்பக்கத்தில் ஒரு துண்டு எழுதி ஒட்டுங்கள்.

பல்கனியை நான் சொல்லமாட்டேன். அப்பார்ட்மென்ற் நிர்வாகங்கள் பல அங்கே சாமான் வைக்க விடுவதில்லை, பனி அடித்து உருகி உள்ளே புகவும் செய்யும்.

யன்னலிலேயே விட்டால்? ஏசி உடனே செத்துவிடாது, எத்தனையோ பேர் விடுகிறார்கள். ஆனால் இழப்பு இரண்டு பக்கமும். மடிப்புச் சிறகு என்பது மெல்லிய பிளாஸ்ரிக், அதன் வழியாகவும் ஏசியின் உடம்பு வழியாகவும் குளிர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், ஹீற்றிங் செலவு ஏறும். வெளியே, ரொறன்ரோவின் குளிர்காலம் ஒரே சீராக உறைந்து கிடப்பதில்லை. பகலில் உருகி இரவில் உறையும், திரும்ப உருகும். தகடுகளுக்கு இடையில் புகும் தண்ணீர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தகடுகளை நெம்பும். கூரையோரத்து ஐஸ் ஈட்டி விழுந்தால் மேல்தகடு பதியும். கழற்றவே முடியாத நிலை என்றால், சுவரில் பதித்த ஏசிகளுக்கு வேறு வழியும் இல்லை, இப்படிச் செய்யுங்கள்: அடைப்பான் இருந்தால் எடுத்து வடிய விடுங்கள், வெளியே மேற்பக்கத்தையும் பக்கங்களையும் மூடும் தடித்த உறையைப் போட்டுக் கட்டுங்கள், அடிப்பக்கம் காற்றுப்போக இருக்கட்டும். உள்ளே வென்ற் நெம்புகோலை மூடிவிட்டு, இடைவெளிகளில் பஞ்சுப் பட்டை அடைத்து, முகப்புக்கு மேல் தலைமுடி உலர்த்தியால் சூடாக்கி இறுக்கும் பிளாஸ்ரிக் தாளை ஒட்டுங்கள். பிளக்கைக் கட்டாயம் கழற்றுங்கள். வெளியே 16 பாகைக்குக் கீழே இருக்கும்போது சாதாரண யன்னல் ஏசியைக் 'கூல்' நிலையில் போடவே கூடாது. முன்சுருள் ஐஸ் பிடிக்கும், ஆவியாகாத திரவம் கொம்பிரசருக்குத் திரும்பி வரும், எண்ணெயும் தடித்திருக்கும். ஏசி சாவதற்கு அது போதும்.

நியூயோர்க்கில் இப்போது குளிர்காலம் முழுக்க யன்னலிலேயே இருக்கும் பெட்டிகள் வருகின்றனவே என்று சிலர் கேட்கிறார்கள். அது வேறு சாதனம். நகர வீடமைப்பு ஆணையம் மிடியா, கிரேடியன்ற் ஆகிய இரண்டு நிறுவனங்களைத் தெரிவுசெய்து, குவீன்ஸில் உள்ள வூட்சைட் குடியிருப்பில் 2023-இல் பொருத்தத் தொடங்கியது வெப்பப் பம்பிகளை. குளிரில் வீட்டைச் சூடாக்கவே செய்தவை அவை. உங்கள் பெட்டியில் சூடாக்கும் நிலை இல்லாவிட்டால் அந்தக் கதை உங்களுக்குப் பொருந்தாது.

இனி மே மாதம். விக்டோரியா தின வார இறுதியில் வெளியே எடுப்பது இங்கே வழக்கம். கராஜில் இருந்தது என்றால் ஒரு நாள் வீட்டுக்குள் நிமிர்த்தி வையுங்கள். போர்வையை எடுத்ததும் கைவிளக்கு அடித்து எலிக் கூடு, குளவிக் கூடு, கடிபட்ட வயர் இருக்கிறதா என்று பாருங்கள். இரும்புத் தும்பை எடுங்கள், அடைப்பான் கழற்றியிருந்தால் திரும்பப் போடுங்கள். பிளக்கைக் குத்தியதும் அதிலுள்ள 'ரெஸ்ற்' பொத்தானை அமுக்கினால் மின்சாரம் நிற்கவேண்டும், 'ரிசெற்' அமுக்கினால் வரவேண்டும். அப்படி நடக்காவிட்டால் அந்த ஏசியைப் பாவிக்காதீர்கள். முதலில் 'ஃபான்' நிலையில் பத்து நிமிடம், பிறகு வெளியே சூடான ஒரு நாளில் 'கூல்'. கால் மணி நேரம் ஓடிய பின் உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே தள்ளும் காற்றுக்கும் 8 முதல் 11 பாகை வித்தியாசம் இருந்தால் ஏசி நன்றாக இருக்கிறது. அதைவிட வெகு குறைவென்றால் ஃபில்டரையும் பின்சுருளையும் திரும்பப் பாருங்கள். அவை சுத்தமாக இருந்தும் குளிரவில்லையென்றால் வாயு கசிந்திருக்கலாம். இந்த அளவுப் பெட்டிக்கு ஆள் கூப்பிட்டு வாயு நிரப்பும் கூலி புதியதன் விலையை எட்டிவிடும். அந்த முடிவை மே மாதமே எடுத்துவிட்டால் நல்லது, ஜூலை வெக்கையில் கடைகளில் தட்டு காலியாக இருக்கும்.